சேலையின் வெளிப்பக்கம்

சென்ற மாதம் விருதுநகருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தடய அறிவியல் பட்டப்படிப்பு தொடங்கினார்கள். தொடக்க விழாவில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற வேதியியல் நிபுணர் ஒருத்தி உள்ளூரிலேயே சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். சால்வை போட்டார்கள். நானும் பேசினேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"மேடம், யுனிவர்சிட்டியில நீங்க படிச்சதுல எது வேலைக்கு உதவுச்சு? பொதுவா சொல்லாம ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

நான் பொதுவாகத்தான் சொன்னேன். பொறுமை, நேர்மை, உழைப்பு என்று மூன்றை அடுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் முகம் விழுந்துபோனது. எனக்கு முழங்கால் வலி, மேடையில் மின்விசிறி ஓடவில்லை, நாக்கில் வேறு எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்து மோர் குடித்த பிறகுதான் சரியான பதில் ஞாபகம் வந்தது. அதை ஒரு வரியில் சொல்ல முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். அந்தப் பெண் இதைப் படிப்பாளோ மாட்டாளோ.

எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், விருதுநகர் பஜாரில் மிளகாய் வற்றல் கமிஷன் கடை. வேதியியல் முடித்துவிட்டு, சென்னைக்குப் போய்த் தடய வேதியியல் படிக்கிறேன் என்று நான் சொன்னபோது அவர் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்.

"பட்டாசுக் கம்பெனி வேலையாம்மா?" என்றார்.

"இல்லத்தா. வெடிச்ச பிறகு போற வேலை."

"அப்ப என்னைக்கும் லேட்டாத்தான் போவே" என்றார்.

அவர் கேலிக்குச் சொன்னார். வேலையில் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு முறை சாத்தூர்ப் பக்கமோ விஸ்வநத்தம் பக்கமோ ஜீப்பிலிருந்து இறங்கும்போதும் அது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பல்கலைக்கழகத்தில் படித்ததில் பெரும்பகுதி மறந்துவிட்டது. விஷங்களின் பெயர்கள், வினைகளின் வண்ணங்கள், பரீட்சைக்கு முதல் நாள் வரை பைத்தியம் பிடித்தமாதிரி உருப்போட்ட சூத்திரங்கள், எல்லாம் போயின. மறக்காதது எங்கள் செய்முறைப் பேராசிரியர் போட்ட ஒரு சுழி. கறை படிந்த துணித்துண்டு ஒன்றைக் கொடுத்து, கறை என்னவென்று கண்டுபிடிக்கச் சொன்னார். கடுகளவு கறை. நான் முழுவதையும் கரைத்துச் சோதித்துச் சரியான விடை எழுதினேன். அவர் விடையைப் படித்தார், துணியைக் கேட்டார். வெறும் துணியைக் கொடுத்தேன். மதிப்பெண் இடத்தில் சுழி போட்டார்.

"விடை சரிதானே சார்?" என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

"சரின்னு யாரு சொல்றது? நீ தப்புன்னு ஒருத்தன் நாளைக்கு வந்து நிரூபிக்கணும்னா அவனுக்கு என்ன மிச்சம் வெச்சிருக்கே? எவ்வளவு கிடைச்சாலும் பாதியைத் தொடாதே."

அன்றைக்கு அவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். கடுகில் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவருக்கும் தெரிந்திருக்காது என்று தோழிகளிடம் சொல்லித் திரிந்தேன்.

பிறகு மதுரை ஆய்வகத்தில் வேலை. எங்கள் பிரிவின் தலைவர் ராமநாதன் சார். அவரைப் பற்றி நல்லதாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் யாரையும் தனியாக வெறுத்ததில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி படுத்தினார். காலையில் வந்ததும் மேசையைத் தானே துடைப்பார். வேறு யாராவது துடைத்திருந்தால் மறுபடியும் துடைப்பார். பொட்டலம் பிரிப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். மேசையில் புது வெள்ளைத்தாள் விரிக்க வேண்டும். அரக்கு முத்திரையை, காவல் நிலையம் தனியாக அனுப்பும் மாதிரி முத்திரையோடு லென்ஸ் வைத்து ஒப்பிட வேண்டும். பிரித்த பிறகு யாரும் பொருளைத் தொடக் கூடாது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பார்ப்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"ரத்தக்கறை மாதிரி இருக்கு சார்."

"மாதிரியா? நீ என்ன பாக்குறே?"

"பழுப்பு நிறக் கறை சார்."

"அதைச் சொல்லு."

நாற்பதைத் தாண்டியவர்கள், பேரன் எடுத்தவர்கள் எல்லாம் தப்புச் செய்த பள்ளிப்பிள்ளைகள்போலக் கைகட்டி நிற்போம். அவர் போன பிறகு பின்னால் நின்று பல் இளிப்போம். இதற்கா இவ்வளவு படித்தோம் என்றிருக்கும்.

சிவகாசிப் பகுதி வழக்குகள் எங்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் குவியும். சீசன் நெருங்கினால் லோடு போயாக வேண்டும், ஆர்டர் நிற்கக் கூடாது. ஓர் அறையில் இருக்க வேண்டிய ஆட்களும் இருக்க வேண்டிய வெடிமருந்தும் இரண்டு பங்காகும். பிறகு எங்களுக்குப் பொட்டலங்கள் வரும். அவற்றில் கரி, ஓட்டுத்துண்டு, செருப்பு, தலைமுடி எல்லாம் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி, அதே பதில். முதல் சில வருஷங்களில் சாப்பாடு இறங்காது. பிறகு இறங்கியது. அப்படி இறங்கியதுதான் எனக்கு அதிகம் வருத்தம். வீட்டில் ஊதுபத்தி கொளுத்தினால்கூட எழுந்து வெளியே போய்விடுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

நான் சொல்ல வந்த வழக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் நடந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். காய்ந்த காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகள், ஒரு கேட், கேட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. திங்கட்கிழமை காலையில் மருந்து கலக்கும் அறையில் வெடித்தது. சற்று நேரத்தில் அதே இடத்தில் இரண்டாவது முறை வெடித்தது. மருந்து கலக்கும் செல்லையா என்பவரும், மருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்த மாரியம்மாளும் இறந்தார்கள். மருந்துச் சட்டி தூக்கும் பேச்சியம்மாளை, உடம்பெல்லாம் வெந்து கேட் பக்கம் கிடந்தவளைத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். திரி வேலையும் காகித வேலையும் பார்த்த மற்றப் பெண்கள் முதல் சத்தத்திலேயே பின்பக்க வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். வாட்ச்மேன் வண்டி பிடிக்க ரோட்டுக்கு ஓடியிருந்தார். அதனால் இரண்டு வெடிப்புக்கும் நடுவில் உள்ளே நடந்ததைப் பார்த்தவர் யாருமில்லை.

மறுநாள் மாதிரி எடுக்க நான் போனேன். தகரக் கொட்டகையில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் ஒயர்க்கூடைகள். ஒவ்வொன்றிலும் மடித்த சேலை, சாப்பாட்டுத் தூக்கு. ஒரு கூடை மட்டும் கீழே கவிழ்ந்து கிடந்தது, அதில் சேலை இல்லை. பக்கத்தில் நின்ற வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"அது வேன்ல வரும்போது உடுத்திட்டு வர்ற சேலைகம்மா. நாலு பேரு பாக்க வர்றதுல்ல. இங்கன வந்து நூல் சேலைக்கு மாறி, மேல ஒரு சட்டையும் மாட்டிக்கிட்டு உள்ள போவாக. சாயங்காலம் மேலு கழுவிட்டு மறுபடி இதையே உடுத்திட்டு வேன் ஏறுவாக."

மருந்து வேலைக்கு நைலான், பாலியெஸ்டர் ஆகாது. உடம்பு அசைய அசைய அந்தத் துணியில் மின்னேற்றம் சேரும், ஒரு சின்னப் பொறி போதும். பருத்திதான் உடுத்த வேண்டும் என்பது அங்கே கேட்டிலேயே எழுதிப் போட்டிருக்கும் விதி.

கலவை அறையில் சுவர் இல்லை. உடைந்த சிமெண்டுப் பலகைக்கு அடியில் கருகிய சாக்குத்துண்டு ஒன்று கிடைத்தது. அதில் சாம்பல் நிறத்தில் பொருக்கு ஒட்டியிருந்தது. பார்த்ததும் எனக்குச் சலிப்புத்தான் வந்தது. சனிக்கிழமை மீந்த மருந்தை அன்றைக்கே அழித்துவிட வேண்டும். அழிக்க மனசு வராது. திங்கட்கிழமை ஆகுமே என்று மூலையில் வைத்து, பத்திரத்துக்கு ஈரச்சாக்கைப் போட்டு மூடுவார்கள். ஈரம் பட்டால் மருந்து செத்துவிடும் என்பது பழைய கரிமருந்துக் காலத்து நம்பிக்கை. இப்போதைய மருந்தில் அலுமினியப் பவுடர் இருக்கிறது. ஈரம் பட்டால் அது சாகாது, உள்ளுக்குள் மெல்ல மெல்லச் சூடேறும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பூட்டிய அறையில் சூடேறிக் கிடப்பதை, திங்கட்கிழமை ஒருவர் போய்க் கிளறுவார்.

மாரியம்மாளின் உடல் கலவை அறை வாசலில் கிடந்ததாக வரைபடத்தில் குறித்திருந்தார்கள். அவள் வேலை பார்த்த அறை அங்கிருந்து நன்றாகத் தள்ளியிருந்தது. "பயத்துல தெசை தெரியாம ஓடியிருக்கா பாவம்" என்றார் உடன் வந்த ஏட்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். கேட்டுக்கு வெளியே வேன் ஒன்று நின்றது. அதன் டிரைவர் படியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரியம்மாளின் கணவர் கருப்பசாமி என்றார்கள். பேச்சியம்மாள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. மனைவியையும் தங்கையையும் தினமும் அவரேதான் அந்த வேனில் கொண்டுவந்து இறக்கிவிடுவாராம்.

சில வாரம் கழித்து ஆய்வகத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை போட்ட சேலை. ஆஸ்பத்திரியில் பேச்சியம்மாளின் உடம்பிலிருந்து எடுத்தது. "இது உன் சேலைதானா?" என்று போலீஸ் கேட்டதற்கு அவள் ஆமாம் என்றிருக்கிறாள். கூட வந்த கடிதத்தில் இரண்டே கேள்விகள். சேலை செயற்கை இழையா? அதில் வெடிமருந்துப் பொருள் உள்ளதா? கம்பெனித் தரப்பு, அவள் விதியை மீறிப் பாலியெஸ்டர் சேலையோடு உள்ளே வந்ததால்தான் தீப்பொறி உண்டானது என்று சொல்லிக்கொண்டிருந்தது. வழக்கில் லைசென்ஸ்காரர், போர்மேன், அடுத்து குற்றம் சாட்டப்பட்ட மூன்றாவது எதிரியாகப் பேச்சியம்மாள். இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்று வந்தால் மற்ற இரண்டு பேரும் அவள் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

வெள்ளைத்தாளை விரித்துப் பொட்டலத்தைப் பிரித்துக் கைகளைப் பின்னால் கட்டினேன். ராமநாதன் சார் எதிரே நின்றார்.

"என்ன பாக்குறே?"

"சேலை சார். உதறாம சுருட்டி வெச்சிருக்காங்க." யாரோ ஒரு காவலரின் சோம்பல், நல்லதாகப் போயிற்று. "மேல்கரை ஓரத்துல சாம்பல் நிறத் தீற்று இருக்கு. ரெண்டு இடத்துல."

"எப்படி இருக்கு?"

"நாலு கோடு. தள்ளி ஒரு பொட்டு. இந்தப் பக்கமும் அதே. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆளோட தோள் அகலம் இருக்கும் சார்."

அவர் லென்ஸை என்னிடம் நீட்டினார்.

ஒரு நூலை உருவிச் சுடரில் காட்டினேன். சுருண்டு உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. பாலியெஸ்டர். தீற்றின் துகளை நுண்ணோக்கியில் பார்த்தேன். பளபளத்தது. காரத்தில் போட்டால் குமிழ்விட்டது, சாயத்துளிக்குச் சிவந்தது. அலுமினியம். ஆக, இரண்டு கேள்விக்கும் பதில் ஆமாம்தான். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் அந்த அலுமினியம் எரியாதது. எரிந்திருந்தால் வெள்ளைச் சாம்பலாகியிருக்கும். சேலையின் வெளிப்பக்கத்தில் ஒரு புள்ளிகூட உருகியிருக்கவில்லை, புகைக்கரி இல்லை, கந்தகம் இல்லை. இரண்டு தீற்றைத் தவிர வெளிப்பக்கம் சுத்தம். திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே கரி, ரத்தம் கலந்த நீர், ஒட்டிப்பிடித்த கருகிய இழைகள். இடுக்கியால் ஓர் இழையை எடுத்து எரித்தேன். காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து பொடியான சாம்பலானது. அது பருத்தி.

எனக்கு ஆணியிலிருந்து விழுந்து கிடந்த கூடை ஞாபகம் வந்தது. அவள் நூல் சேலைதான் உடுத்தியிருந்தாள். அது அவள் மேலேயே எரிந்து போய்விட்டது. அவள் மேலிருந்த தீ அடங்கிய பிறகு யாரோ அவளுடைய கூடையிலிருந்து அவளுடைய நல்ல சேலையை எடுத்து அவள்மேல் போர்த்தியிருக்கிறார்கள். துணியில்லாமல் கிடந்தவளின் மானத்தை மூடிய சேலை, இப்போது அவளுக்கே எதிராகப் பொட்டலமாகி வந்திருக்கிறது.

அறிக்கையில், "சம்பவத்துக்குப் பின் போர்த்தப்பட்டது" என்று எழுதி ராமநாதன் சார் மேசைக்குக் கொண்டுபோனேன். அவர் அந்த வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"போர்த்தினதை நீ பாத்தியா?"

"இல்ல சார். ஆனா வேற எப்படி..."

"நீ வக்கீல் இல்ல."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதினா அந்தப் பொம்பள ஜெயிலுக்குப் போயிருவா சார். ரெண்டும் உண்மையான பதில்தான், ஆனா ரெண்டும் சேர்ந்தா பொய்யாயிரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் செய்கிற காரியம் அது. இன்றைக்கு நமக்குத்தான் திட்டு என்று நின்றேன்.

"அலுமினியம் இருக்குன்னு எழுதுறே. எங்க இருக்குன்னு எழுதாம இருக்குன்னு எழுதலாமா?" என்றார். "வெளிப்பக்கத்துல எது இருக்கு, எது இல்ல, எழுது. உள்பக்கத்துல எது இருக்கு, எழுது. எரிஞ்சதா எரியாததா, எழுது. தீற்று எந்த உருவத்துல இருந்துச்சோ அதைப் படம் போடு. பாத்தது எதையும் விடாதே. பாக்காததை ஒண்ணு கூட எழுதாதே."

"அதை யாரும் படிக்காம விட்டுட்டா சார்?"

"அதுக்கு நாம என்ன பண்றது?" என்றார். அவரும் களைத்துத்தான் போயிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்படியே எழுதினேன். ஈரச்சாக்கின் பொருக்கைப் பற்றித் தனி அறிக்கை போனது. பொட்டலத்துக்கு மறுபடி முத்திரை வைத்து அனுப்பினோம். ராமநாதன் சார் ஓய்வு பெற்று மகளோடு வெளியூர் போய்விட்டார். நாலு தீபாவளி போனது. அதே மாதிரிப் பொட்டலங்கள் வந்தன. பேச்சியம்மாள் வழக்கில் சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்தபோது, எந்த வழக்கு என்று யோசிக்க வேண்டியிருந்தது.

கோர்ட் வராந்தாவில் அவளை முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் கழுத்தும் கன்னமும் இழுத்துத் தைத்த மாதிரி இருந்தன. பெஞ்சின் ஒரு முனையில் அவள், நன்றாகத் தள்ளி மறுமுனையில் கருப்பசாமி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஏட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணன் வீட்ட ஒட்டித்தான் குடியிருந்தா. எம் பொண்டாட்டியக் கொன்னவ மூஞ்சில முழிக்க மாட்டேன்னுட்டாரு. இப்ப அடுத்த தெருவுல தனியா கெடக்கா. அவரு வேன்ல ஏத்த மாட்டாரு. ரெண்டு பஸ் மாறி வர்றா."

கூண்டில் ஏறினேன். கம்பெனித் தரப்பு வக்கீல் எழுந்தார். சேலை செயற்கை இழைதானே? ஆமாம். அதில் அலுமினியம் இருந்தது? ஆமாம். நான் மேலே பேச வாயெடுத்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்மா" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பேச்சியம்மாளுக்கு இலவசச் சட்ட உதவியில் கொடுத்திருந்த இளம் வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். கேள்வி எதுவும் இல்லை என்றார். ராமநாதன் சார்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்த ஒரு வரியை அடிக்காமல் விட்டுத் தொலைத்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு படியில் கால் வைத்தேன்.

"ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா" என்றார் நீதிபதி. அவர் கையில் என் அறிக்கை இருந்தது. "வெளிப்பக்கம், உள்பக்கம்னு தனித்தனியா எழுதியிருக்கீங்க. படம் வேற போட்டிருக்கீங்க. எதுக்கு?"

சொன்னேன். வெளிப்பக்கம் எரியவில்லை, உள்பக்கத்தில் எரிந்த பருத்தி ஒட்டியிருந்தது, எரியாத அலுமினியம் விரல்களின் உருவத்தில் இரண்டு இடத்தில் இருந்தது என்று சொன்னேன். வக்கீல் எழுந்து, சாட்சி யூகம் சொல்கிறார் என்றார். "நான் பார்த்ததை மட்டும்தான் சொல்கிறேன்" என்றேன். நீதிபதி பேச்சியம்மாளைப் பார்த்தார்.

"வேலை செய்யும்போது உடுத்தியிருந்த சேலை இதுதானா?"

"இல்லங்கய்யா. இது வேன்ல வர்றப்ப உடுத்துனது. கூடைக்குள்ள இருந்துச்சு. வேலைக்கு நூல் சேலதான்."

"அப்புறம் ஏன் ஆமான்னு சொன்னே?"

"எஞ் சேலயான்னு கேட்டாக. எஞ் சேலதானய்யா."

"போர்த்தினது யாரு?" என்று நீதிபதி கேட்டார். அவள் தெரியாது என்று தலையாட்டினாள். "கண்ணு தெரியலங்கய்யா. பொறுத்துக்கோ, பொறுத்துக்கோன்னு காதுல கேட்டுச்சு. அம்புட்டுத்தான்."

வெளியே வந்ததும் கருப்பசாமி என் பின்னாலேயே வந்தார்.

"தாயி, அந்தக் கை. அது பொம்பளக் கைதானா?"

"அதைச் சொல்ல முடியாதுங்க. துணியில ரேகை பதியாது."

"அந்தப் பவுடரு திரி போடுறவுக கையில இருக்குமா?"

"இருக்காது. மருந்தைத் தொடுறவங்க கையிலதான் இருக்கும்."

"மருந்தத் தொட்டது மூணு பேருதான். செல்லையா அண்ணன் வெளியவே வரல. இவ வெந்து கெடக்கா." அவர் அங்கேயே நின்றுவிட்டார். "எப்படிப் பிடிச்சிருந்துச்சு? காட்டுங்க."

நான் என் இரண்டு கைகளையும் என் இரண்டு தோள்களிலும் வைத்துக் காட்டினேன். அவர் என் விரல்களையே பார்த்தார். மாரியம்மாள் திசை தெரியாமல் ஓடவில்லை என்பது அந்த நிமிஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. அவள் கேட் பக்கத்துக் கொட்டகை வரைக்கும் வந்திருக்கிறாள். நாத்தனாரை மூடிவிட்டு, உள்ளே கிடந்த செல்லையாவுக்காகத் திரும்பிப் போயிருக்கிறாள். இதை நான் எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. ராமநாதன் சார் இருந்திருந்தால் பென்சிலை எடுத்திருப்பார்.

கருப்பசாமி பெஞ்சுக்குப் போனார். தங்கைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவள் தலையைத் தூக்கவே இல்லை. அவள் காலடியில் இருந்த பையை அவர் எடுத்துக்கொண்டார்.

"ஏறு பிள்ள. வேன் வெளிய நிக்குது."

அவள் அப்போதும் அசையாமல் இருந்தாள். "உம் மதினிதான் பிள்ள உன்னய மூடிருக்கா" என்றார். அவ்வளவு நேரம் அழாதவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

நான் பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்றேன். வேன் என் பக்கத்தில் வந்து நின்றது. "ஏறுங்க தாயி, விருதுநகர்ல எறக்கிவிட்டுப் போறோம்" என்றார் கருப்பசாமி. அரசுத் தரப்புச் சாட்சி எதிரியோடு ஒரே வண்டியில் போகக் கூடாது என்று விளக்கினேன். அவருக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. முன் சீட்டிலிருந்து பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அந்தச் சேலயத் திருப்பித் தருவாகளா?"

"வழக்கு முடிஞ்ச பிறகு கேட்டா தருவாங்க."

"வெளுத்துரப் போறாக தாயி. உதறக் கூடாதுன்னும் சொல்லி வைங்க."

பிறகு அவளை வழக்கிலிருந்து விடுவித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மற்றவர்கள் மேல்முறையீடு போனார்கள். சேலையைக் கொடுத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. இளம் வக்கீலிடம் சொல்லி மனு எழுத வைத்தேன், உதற வேண்டாம் என்றும் அதில் சேர்க்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மாணவி ஒண்ணே ஒண்ணு கேட்டாள். இடது தோள் பக்கத்து விரல் தீற்றை நான் காரத்தில் கரைத்துவிட்டேன், சோதனைக்கு அது வேண்டியிருந்தது. வலது பக்கத்தைத் தொடவில்லை. பாதியை மிச்சம் வைக்காததற்கு ஒரு காலத்தில் சுழி வாங்கியிருந்தேன். பொட்டலத்துக்கு நான் மறுபடி அரக்கு வைத்தபோது வலது தோளில் மாரியம்மாளின் ஐந்து விரலும் இருந்தன.